மூன்றாம் அறிவு

கண்ணில்லாதவரைக் கண்டால் இரங்குகிறோம். காது கேளாதவரிடம் உரக்கப் பேசுகிறோம். மணம் அறியாதவர் நம்மிடையே இருந்தால் நமக்குத் தெரிவதேயில்லை. 2021ஆம் ஆண்டின் நடுவில், கோவிட் நோய் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் கடுமையாக இருந்த நாளில், பந்திங்கில் நானும் என் துணைவியாரும் அந்நிலைக்கு ஆளானோம். காய்ச்சல் பெரிதாக இல்லை. ஐந்தாம் நாள் காலை விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினேன். சுடர் தெரிந்தது, மணமில்லை. பழைய சரக்கு போலும் என்று கடைக்காரரைக் குறை கூறினேன். பிறகு ஊதுவத்தியை முகர்ந்தேன், காப்பித்தூளை முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுத்தபோது எறும்புக்கும் கறையானுக்கும் மூன்றறிவு என்றார். அந்த மூன்றாம் அறிவு நுகர்ச்சியே. பல ஆண்டுகள் இதனைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்! எறும்புக்கு உள்ளது எனக்கு இல்லாமற் போன பிறகே, அது என்னவென்று படிக்கத் தொடங்கினேன்.

மூக்கின் உச்சியில் சிறு பரப்பில்தான் மணம் அறியும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை. இதனை 1991இல் விளக்கத் தொடங்கிய ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. நாக்கு அறிவதோ இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவே. ரசத்தை ரசமாக்குவது தொண்டை வழியே மூக்கிற்கு ஏறும் ஆவி. அது தடைப்பட்டால் ரசம் வெறும் புளித்தண்ணீர்தான்.

கோவிட் கிருமி பெரும்பாலும் அந்த நரம்பணுக்களைத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே தாக்குகிறது. ஆகையால் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பிவிடுகிறது. சிலருக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகளும் ஆகலாம்.

இன்னொன்றும் அன்பர்கள் அறிய வேண்டும். நலமாக உள்ள மூக்கும் ஒரே மணத்தைச் சில நிமிடங்களில் கவனிக்காமல் விட்டுவிடும். புதிய வாடை வந்தால் உடனே அறிவதற்கான ஏற்பாடு அது. ஆலயத்தில் நுழையும்போது கமழ்ந்த சாம்பிராணி அர்ச்சனை முடிவதற்குள் மறைந்தாற்போல் இருப்பது அதனால்தான். நம் வீட்டு மணம் விருந்தினருக்கே தெரியும்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவை அறிவதற்கென்றே கந்தகம் சேர்ந்த நாற்றப்பொருளை அதில் கலக்கிறார்கள். ஒருநாள் எங்கள் அடுப்பின் திருகு சரியாக மூடப்படவில்லை. இருவரும் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். உணவு கொண்டுவந்து வாசற்கதவில் மாட்டிய பக்கத்து வீட்டு மருமகள், "ஆன்ட்டி, கேஸ் வாடை வருது! லைட்ட தட்டாதீங்க!" என்று அலறினாள். அன்று அவள் மூக்குதான் எங்களுக்கு உயிர் கொடுத்தது.

நுகர்ச்சிக்கும் பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் நினைவோடு முகர வேண்டும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. செலவில்லாத மருந்து. மூன்று நம் சமையலறையிலும் பூஜையறையிலும் இருப்பவை. நான்காவது தைலப் போத்தலில்.

எனக்கு மூன்றாம் மாதம் கிராம்பு முதலில் வந்தது. அதற்கடுத்த வாரம், காரணமின்றி, நான் பிறந்த பால்மரத் தோட்டத்து ஸ்டோரின் புளித்த வாடை நினைவுக்கு வந்து கண் கலங்கியது. மண நரம்பு மூளையில் நினைவும் உணர்ச்சியும் உறையும் பகுதிகளை நேராகத் தொடுவதால் இப்படி நேரும் என்கிறார்கள். அத்தோட்டம் இன்று செம்பனை. சிறுவயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய வாடை அது!

துணைவியாருக்கு இன்றுவரை முழுமையாகத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு ஏலமும் பச்சைக் கற்பூரமும் இப்போது கரண்டிக் கணக்கில் போடுகிறார். முன்பெல்லாம், "என்னங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டால், நாளிதழிலிருந்து தலை தூக்காமல், "நல்லா இருக்கு" என்பேன். இப்போது அவர் கேட்டால் நாளிதழை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். சென்ற வெள்ளியன்று குனிந்து முகர்ந்துவிட்டு, "முந்திரி இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்றேன். அவர் அடுப்பைச் சற்றே கூட்டினார்.