பதிப்புரையும் பயிலத்தக்க நூலே

நூல் எழுதும் முறையைக் கற்பிக்கும் நூல்கள் மேனாட்டார்க்கே உரியன என்று மாணவர் சிலர் கருதுகின்றனர். நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே வகுத்துள்ளார். 'சென்று தேய்ந்திறுதல்' என்னுங் குற்றம் ஒன்றே, தொடக்கத்திற் பொலிந்து போகப்போக மெலியும் நம் பரீட்சைக் கட்டுரைகளை நினைப்பூட்டும்.

ஆயின் இலக்கணம் விதியைக் கூறுமேயன்றி, நூலுக்கு உழைத்தவர் பட்ட பாட்டைக் கூறாது. அதனை அறிய விழைவார் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்களின் பதிப்புரைகளைப் பயிலுதல் வேண்டும். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றை அச்சேற்றியவர் அவர். தொட்டால் ஓரம் உதிரும் ஏடு, கட்டவிழ்த்தால் முறியும் இதழ், புழு அரித்த எழுத்து, பிரதிக்குப் பிரதி மாறும் பாடம் ஆகிய இவற்றோடு போராடிய வகையை மறையாது உரைக்கின்றார்.

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இத்தகைய முயற்சியை இன்னும் விரிவாகக் கூறும். எனினும் அது 1940 முதல் ஆனந்த விகடனில், முதுமையில் நின்று திரும்பி நோக்கி எழுதப்பட்டது. பதிப்புரையோ ஏடு கையிலிருக்கும்போதே பிறந்தது. அதன் சூடு வேறு.

2009 இல் உடையார்கட்டிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் நூல்களைச் சுமக்கவியலாது விட்டுச் சென்றனர். மீண்டு வந்து, மழையில் ஊறி ஒட்டிய தாள்களைப் பிரித்துப் பார்த்த வன்னியார்க்கு அவ்வுரைகள் பழங்கதையல்ல. அவை 1971 இல் 'தாமோதரம்' எனத் தொகுக்கப்பெற்று யாழ்ப்பாணத்தில் வெளிவந்துள்ளன.