தாய்மரம் உண்டு, கன்று இல்லை

வட அமெரிக்காவின் கிழக்குப் பாகத்தில் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரின் வறண்ட முகடுகளில் ஏறிச் செல்வோர் பெரும்பாலும் ஓக் மரங்களையே காண்பர். அவற்றினிடையே ஹிக்கரி மரங்கள் விரவி நிற்கும். மேற்கே மிசூரி, ஆர்க்கன்சோ மாநிலங்களிற் பரந்துள்ள ஓசாக் மேட்டு நிலத்திலும் இதே காட்சிதான். நூறாண்டு கடந்த அம்மரங்களை அண்ணாந்து நோக்குவார்க்குக் குறையொன்றும் தோன்றாது. தலையைத் தாழ்த்தி நிலத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. ஓக்கின் நிழலிலே வளர்ந்த ஓக் கன்றுகளைக் காண்பது பல இடங்களில் அரிதாகிவிட்டது. அங்கே நெருங்கி வளர்பவை செம்மேப்பிள் என்னும் வேற்றினத்தின் கன்றுகள். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

முதலில் மண்ணைக் கவனிப்போம். இம்முகடுகளிற் பல மணற்கல்லால் ஆனவை. அக்கல் சிதைந்து உண்டாகும் மண் ஆழமற்றது. அதிலுள்ள கல்சியம் முதலிய சத்துக்களை மழைநீர் கரைத்துச் செல்ல, அமிலத்தன்மை மிகுகின்றது. நடுநிலையைக் குறிக்கும் பி.எச். எண் 7, இங்கே அது 4க்கும் 5க்கும் இடையே நிற்பது வழக்கம். இத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து பல செடிகளின் வேருக்கு நஞ்சாகின்றது. ஓக்கும் ஹிக்கரியும் இங்கே வாழத் துணைபுரிவன ஒருவகைப் பங்கசுகள். அவை வேர்நுனிகளைப் போர்வைபோல் மூடி, மயிரினும் நுண்ணிய இழைகளை மண்ணிற் பரப்பி, நீரையும் பொசுபரசையும் திரட்டி மரத்துக்கு அளிக்கின்றன. மரமோ தன் இலையில் ஆக்கிய வெல்லத்திற் பங்கு கொடுக்கின்றது. நல்ல பண்டமாற்று!

ஆனால் செம்மேப்பிளும் அமில மண்ணுக்கு அஞ்சும் மரமன்று. ஆகவே மண் மட்டும் ஓக்கின் ஆட்சியைக் காத்திருக்க முடியாது. அதற்குக் காவலாய் நின்றது தீ.

தீ காட்டை அழிக்குமன்றோ என வாசகர் வினவலாம். பெருந்தீ அழிக்கும், நிலத்தோடு தவழ்ந்து செல்லும் சிறுதீ அவ்வாறன்று. ஓக் இலையிற் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது எளிதில் மக்காது. உலர்ந்து சுருண்டு கிடக்கும் அச்சருகில் தீ விரைந்து படரும். முதிர்ந்த ஓக்கைத் தடித்த பட்டை காக்கும். கன்று கருகினாலும், இளமையிலேயே உணவை வேரிற் சேமித்து வைத்திருப்பதால் மீண்டும் துளிர்க்கும். மெல்லிய பட்டையுடைய மேப்பிள் கன்றுகளோ அடுத்தடுத்து எரிந்தால் பெரும்பாலும் மாளும். அப்பிரதேசத்தின் ஆதிக்குடிகள் வேட்டைக்காகவும் நிலத்தைத் துப்புரவாக்குவதற்காகவும் இவ்வாறு தீயிட்டு வந்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலே நிலை மாறிற்று. 1910இல் அந்நாட்டின் வடமேற்கே பெருங்காடுகளை எரித்த தீயின் பின், காட்டுத் தீ எதுவாயினும் அணைக்கவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. கண்ட தீயை மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்கவேண்டும் என 1935இல் வனத் திணைக்களம் விதித்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆயினும், தீ ஓய்ந்ததும் மேப்பிள் தழைத்தது. அதன் நிழலில் ஒளி வேண்டும் ஓக் கன்று சோர்ந்தது. மேப்பிள் இலை மெல்லியது; நிலத்தோடு படிந்து, ஈரங்காத்து, விரைவில் மக்குவது. அதிலே தீ பற்றுவதும் அரிது. தீ இல்லாமையால் மேப்பிள் வந்தது. மேப்பிள் வந்தமையால் தீயும் வராதாயிற்று.

விதைக்கோ பஞ்சமில்லை. சிறு கிண்ணத்தில் அமர்ந்தாற்போலக் காய்க்கும் ஓக்கின் கொட்டைகளைப் பறவைகளும் அணில்களுமே நட்டுவிடுகின்றன. வேர்ஜீனியாவில் 50 நீல ஜே பறவைகள் 28 நாட்களில் ஏறக்குறைய 150,000 கொட்டைகளைக் கொண்டுபோய்ப் புதைத்தன என 1981இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. அணிலின் சாமர்த்தியம் இன்னும் வியப்பானது. வெள்ளை ஓக்கின் கொட்டை உதிர்ந்தவுடனேயே முளைக்கத் தொடங்கும். முளைத்துவிட்டால் சேமிப்புப் போய்விடுமே! ஆதலால் அதன் முளையைக் கடித்தெறிந்துவிட்டே அணில் பலவேளைகளிற் புதைக்கும். இளவேனில்வரை உறங்கும் செவ்வோக்கின் கொட்டையை அப்படியே புதைத்துவிடும்.

இக்கொட்டைகளை நம்பியிருக்கும் பிராணிகள் பல. முன்னர் இம்மலைகளிலே செஸ்நட் மரமும் அவற்றுக்கு உணவளித்தது. ஆசியாவிலிருந்து வந்த பங்கசு நோயொன்று 1904இல் நியூயோர்க் மிருகக்காட்சிச் சாலையிலே காணப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய 400 கோடி செஸ்நட் மரங்கள் மாண்டன. கரடிக்கும் மானுக்கும் வான்கோழிக்கும் எஞ்சிய பெருங்களஞ்சியம் ஓக்கே. செம்மேப்பிளின் சிறகு விதையோ கோடை தொடங்குமுன்னரே காற்றிற் பறந்துவிடும். பனிக்காலத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் கரடிக்கு அஃது உதவாது.

இன்று வனத் துறையினர் தாமே பல சரிவுகளில் நாளறிந்து தீயிடுகின்றனர். கைத்தடியினும் பருத்துவிட்ட மேப்பிளுக்குச் சிறுதீ உறைப்பதில்லை. அவற்றை வெட்டி ஒளிக்கு வழிவிடவேண்டியிருக்கின்றது. அதன்பின் துளிர்ப்பதை மான்கள் மேய்ந்துவிடுவதும் உண்டு. எரித்த சரிவிலே அடுத்த இளவேனிலிற் சாம்பலினூடே துளிர்கள் எழும். மேப்பிளும் அடியிலிருந்து துளிர்க்க வல்லதே. எவை ஓக், எவை மேப்பிள் எனக் குனிந்து எண்ணிக் குறித்துக்கொண்டு, சில ஆண்டுகளில் மறுபடியும் தீ மூட்ட வருகின்றனர்.