துணைக்கு யாரு வர்றா?

வாசலில் செருப்பு மாட்டும் பெண்ணைப் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து என்ன கேள்வி வருகிறது என்பதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம். என் அப்பத்தாவிடம் கேட்டது, "துணைக்கு யாரு வர்றா?" அம்மாவிடம், "எதுக்குப் போறே?" என்னிடம், "எப்ப வருவே?" கல்லூரிக்குப் போகும் என் மகளிடம் கேட்பது, "லொகேஷன் ஷேர் பண்ணிட்டியா?" நான்கு தலைமுறைக்கு நான்கு கேள்வி. எங்கள் வீட்டு ஆண்களிடம் இந்த நான்கில் ஒன்றைக்கூட யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பத்தா தன் ஆயுசில் போன ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர், பெண் கொடுத்த ஊர்கள் இரண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை சமயபுரம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சாவு, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால்தான் அவருக்காக வண்டி பூட்டுவார்கள். துணை என்றால் வயதில் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏழு வயதுப் பேரன் போதும். உலகம் தெரிந்த அறுபது வயதுக்காரிக்கு, டவுசர் நழுவும் அந்தப் பொடியன் காவல்! "சும்மா போய்ட்டு வந்தேன்" என்று அப்பத்தா ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. சும்மா போவதற்கு அவருக்கு ஒரு ஊர்கூட இல்லை.

அதற்காக, அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள் என்று எழுதினால் அது பாதி உண்மை. நாற்று நடவும் களை எடுக்கவும் விடியுமுன் மைல்கணக்கில் நடந்தவர்களும், மீன்கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராகப் போனவர்களும் பெண்கள்தான். அவர்களுக்குத் துணை யார் என்று எவரும் கவலைப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி பின்னால் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போன கூட்டத்திலும் பெண்கள் இருந்தார்கள். கடல் தாண்டி, காடு தாண்டிப் போனார்கள். ஆனால் எந்தத் திசையில் நடப்பது, எப்போது திரும்புவது என்பதை முடிவு செய்தது வேறு ஆட்கள். நடந்த தூரத்தை வைத்துச் சுதந்திரத்தை அளக்க முடியாது என்பதற்கு அவர்களே சாட்சி.

நம் பழைய நூல்களைப் புரட்டினாலும் இதே கதைதான். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். தனியே ஊர் ஊராகப் போன பெண்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. அவர்கள் கொடுத்த விலையைத்தான் கவனிக்க வேண்டும். ஔவையார், கல்யாணப் பேச்சு எழுந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைக் கிழத்தனமாக மாற்றிக்கொண்டார் என்கிறது செவிவழிக் கதை. காரைக்கால் அம்மையார் உடம்பின் சதையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிய பிறகே கயிலைக்குக் கிளம்பினார். மணிமேகலை வஞ்சி நகருக்குள் போய்ச் சமயவாதிகளின் பேச்சைக் கேட்பதற்கு ஆண் துறவியின் வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. கிழவி, பேய், ஆண். ஓர் இளம்பெண் இளம்பெண்ணாகவே ஊர் சுற்றிய கதையை நம் முன்னோர் எழுதிவைக்கத் துணியவில்லை.

பேச்சு வழக்கு இதைவிட மோசம். ஊர் சுற்றும் ஆண் வெறும் 'ஊர்சுற்றி'. அதில் கொஞ்சம் செல்லம்கூட இருக்கிறது. பெண் சுற்றினால் 'ஊர் மேய்கிறாள்'. சொல்லிலேயே கயிறு கட்டியாகிவிட்டது.

இந்தக் கயிறு எப்படித் தளர்ந்தது என்பதை ஒரே ஊரை வைத்துச் சொல்லலாம். அந்த ஊர் புதுக்கோட்டை.

1886இல் அந்தச் சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் மகாராஜாவின் அனுமதியோடு அவருக்கு இடம் கிடைத்தது. நாலு பக்கமும் மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். வண்டி கடந்தது உள்ளூர்த் தெருக்கள்தான். ஆனால் அதே பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1925இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே சென்னை மாகாண சட்டசபையில் உறுப்பினராகி, பிறகு அதன் துணைத் தலைவரும் ஆனார். மூடுவண்டியில் தொடங்கியவர் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காகப் போராடி, 1947இல் அது நிறைவேறியதைக் கண்ணால் பார்த்தார்.

அவர் ஒருவர். மூடுவண்டியும் மன்னர் அனுமதியும் ஊரிலிருந்த மற்றப் பெண்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் வெளியே வர இன்னும் எண்பது வருஷம் ஆனது. அவர்களுக்கு வாய்த்த வண்டி, சைக்கிள்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்து கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தும், பக்கத்து ஊருக்குப் போக அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்த்து நின்றால் அந்தப் படிப்பால் என்ன பயன்? எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. அதுவரை கிராமத்தில் சைக்கிள் ஆம்பிளைச் சமாச்சாரம். சின்னப் பிள்ளையில் குரங்குப் பெடல் போட்ட பெண்கூட வயதுக்கு வந்ததும் அதைத் தொடக் கூடாது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் இதைப் பற்றி எழுதியதில் உலகமே தெரிந்துகொண்டது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் அசரவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்த பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே!

என் அம்மா அப்படிப் பழகியவர்களில் ஒருவர். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். தெருமுனையில் நின்ற இளவட்டங்களின் கேலிக்கு அம்மா இரண்டு தடவை விழுந்தார். மூன்றாம் தடவை விழவில்லை. முதலில் ரேஷன் கடைக்குப் போனார். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தன் பள்ளித்தோழி வாக்கப்பட்ட ஊருக்குப் போய்வந்தார். பத்து வருஷமாகப் பார்க்காத தோழி. நடுவில் இருந்த தூரம் எட்டுக் கிலோமீட்டர்.

அந்த எட்டுக் கிலோமீட்டரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். பஸ் இல்லாத ஊரல்ல அது. பஸ்ஸுக்குக் காசு கேட்டால், எதுக்குப் போறே என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தோழியைப் பார்க்க என்பது அந்நாளில் ஒரு பதிலாகவே எடுபடாது. சைக்கிள் அந்தக் கேள்வியை மிதித்துக் கடந்தது.

கோயிலும் தன் பங்குக்கு ஒரு வழி திறந்தது. சிவப்புப் புடவை உடுத்தி மேல்மருவத்தூருக்கு வேனிலும் பஸ்ஸிலும் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிய பெண்களைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. மாதவிலக்கு நாளிலும் வரலாம், கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம் என்ற இடம் அது. வீட்டு ஆண் இல்லாமல், நாலு பெண்கள் சேர்ந்து இரவுப் பயணம் போகலாம் என்று எத்தனையோ வீடுகள் பழகிக்கொண்டது இந்தக் கோயிலை முன்னிட்டுத்தான். சாமி பெயரைச் சொன்னால் "எதுக்குப் போறே?" என்று கேட்பவர் வாயும் மூடிவிடும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். 2001இல் பட்டியலினப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க அரசு மானியம் வந்தது. சீருடையில் சைக்கிள் மிதித்துப் போகும் பெண்பிள்ளையை இன்று எந்தத் தெருமுனையும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க ஊர் பழகியதுதான் இந்த முப்பது வருஷத்தின் பெரிய மாற்றம்.

2021 மே மாதம் வந்த கட்டணமில்லா நகரப் பேருந்து இதில் அடுத்த கட்டம். மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. காசு மிச்சம் பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரியது, அந்தக் காசை யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது. பூக்கட்டி விற்பவர் இரண்டு ஸ்டாப் தள்ளி உள்ள பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறார். சுகர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி, மகன் கொண்டுபோய் விடும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. இதைப் பொறுக்காமல் 'ஓசி டிக்கெட்' என்று குத்திக்காட்டும் வாய்களும் உண்டு. பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப்பைப் பார்த்தும் நிறுத்தாமல் போகும் பஸ்களும் உண்டு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, வாடை வருகிறதென்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுது நியாயம் கேட்ட காட்சி பரவிய பிறகே நடவடிக்கை வந்தது. டிக்கெட் இலவசமாகிவிடும், மரியாதை அவ்வளவு சீக்கிரம் ஆகிவிடாது.

எல்லாப் பயணமும் சுதந்திரம் ஆகிவிடாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20க்கான மத்திய அரசின் ஆலைக் கணக்கெடுப்பு காட்டியது. பெருமைப்பட வேண்டிய எண். அவர்களில் பலர் ஊரை விட்டு 300, 400 கிலோமீட்டர் வந்து, சொந்தச் சம்பளத்தில் தங்கைக்கு ஃபீஸ் கட்டுகிறவர்கள். ஆனால் சில இடங்களில் வேன் ஹாஸ்டல் வாசலில் ஏற்றி ஆலை வாசலில் இறக்குகிறது, திரும்ப ஏற்றி ஹாஸ்டலில் இறக்குகிறது, கேட் பூட்டப்படுகிறது. வேலை பார்க்கும் ஊரின் கடைத்தெருவை ஒரு தடவைகூடச் சுற்றாமல் வருஷத்தைக் கழித்த பெண்களை எனக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு முந்தைய மூடுவண்டிக்கு ஜன்னல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் மகள் தோழிகளோடு ஹம்பிக்குப் போய்வந்தாள். ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் அவளே செல்போனில் பார்த்துக்கொண்டாள். வழி தப்பிய இடத்தில் அவளே விசாரித்து, அதிக வாடகை கேட்ட ஆட்டோக்காரரிடம் அவளே பேரம் பேசினாள். திரும்பி வந்தவளிடம் புதிதாக ஒன்று இருந்தது: வங்கியில், கல்லூரி அலுவலகத்தில், எந்தக் கவுன்ட்டரிலும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசும் குரல். பயணம் பெண்ணுக்குத் தருவது இதைத்தான். தெரியாத ஊரில் ஒரு முடிவெடுத்து, அது தப்பாகி, அதைத் தானே சரிசெய்த ஒருத்தி, தெரிந்த ஊரில் யாருக்கும் அஞ்சமாட்டாள். ஆனால் போன நான்கு நாளும் அவளுடைய நீலப் புள்ளி எங்கே நகர்கிறது என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டவுசர் நழுவிய பேரனின் இடத்தில் இப்போது ஒரு புள்ளி.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிவதைக்கு உயிரைக் கொடுத்த பிறகுதான் ஈவ்டீசிங் தடைச் சட்டமே இங்கே வந்தது. சட்டம் வந்தும், இருட்டினால் பஸ் ஸ்டாண்டின் எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பது ஊருக்கு ஊர் பெண்களுக்கு மனப்பாடம். நீண்ட தூரப் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் வழக்கம் அப்பத்தாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, என் மகளுக்கும் இருக்கிறது. நான்கு தலைமுறையில் கேள்விகள் மாறின, கழிப்பறை மாறவில்லை.

சுத்தமான கழிப்பறை, எரிகிற விளக்கு, சொன்ன நேரத்துக்கு வரும் கடைசி பஸ்: இவை அரசு தர வேண்டியவை, கேட்டு வாங்கவேண்டியவை. நம் வீட்டிலிருந்து தர வேண்டியது ஒன்று இருக்கிறது. செருப்பு மாட்டும் பெண், எங்கே என்று கேட்டதற்கு "சும்மாதான்" என்று சொன்னால், அதற்கு மேல் கேட்காமல் "போயிட்டு வா" என்று சொல்லுங்கள். என் அப்பத்தாவுக்குக் கிடைக்காத பயணம் அது ஒன்றுதான்.