பார வண்டியின் வலுவும் டீசல் சிக்கனமும்

நூல் மூட்டைகளையும் விளைபொருள்களையும் ஏற்றிச் செல்ல நம் சங்கங்கள் சிலவற்றில் டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. ஆண்டறிக்கையில் ‘போக்குவரத்து’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும் இச்செலவைப் பற்றி அங்கத்தினர்கள் பெரும்பாலும் கேள்வி எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டும் என்பதற்கு என் அனுபவத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

விவசாயிகள் சங்கம் ஒன்றின் வண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தாளவாடிக்கு உரம் கொண்டு சென்று, காய்கறியுடன் திரும்புவது வழக்கம். 2020ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய வண்டி அது. மேடு ஏறத் திணறுகிறது என்று டிரைவர் முறையிட்டதன்பேரில், நிர்வாகக் குழுவினர் ஒரு பட்டறையில் எஞ்சினுக்கு ‘சிப்’ பொருத்தினர். வலு சிறிது கூடிற்று. கரும்புகை அதனினும் கூடிற்று. டீசல் செலவும் பெருகிற்று. ரசீதுகள் முறையாக இருந்தமையால் அச்செலவை ஆட்சேபிக்காமல் விட்டவன் நான்தான். சில மாதங்களுக்குப் பின் வேறொரு மெக்கானிக், டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர் குழாயில் விரிசல் இருப்பதைக் கண்டார். குழாயை மாற்றிச் சிப்பையும் கழற்றிய பின் வண்டி பழையபடி மலை ஏறிற்று. வணிகவியல் மட்டுமே படித்திருந்த நான், எஞ்சினைப் பற்றியும் சிறிது கற்க வேண்டுமென்று உணர்ந்தது அப்போதுதான்.

டீசல் எரிந்தால்தான் வலு. அது எரியக் காற்று வேண்டும். 1 லிட்டர் டீசல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று, அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று தேவை. புகையின்றி எரிய இதனினும் மிகுதியாக வேண்டும். இவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் அழுத்திச் செலுத்துவதே டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்திய காற்று சூடேறி விரியுமாதலால், அதைக் குளிர்வித்து அடர்த்தியாக்க இன்டர்கூலர் அமைந்துள்ளது. இப்பாதையில் எங்கேனும் ஒழுக்கு ஏற்பட்டாலும், ஏர் பில்டரில் தூசு அடைத்தாலும் வலு குன்றும். நெசவுக் கூடத்து முற்றத்தில் நிற்கும் வண்டிகளில் பஞ்சுத் தூசையும் கவனிக்க வேண்டும். கரும்புகை என்பது நாம் விலை கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசலே.

சிப்புகளில் ஒரு வகை, டீசல் குழாயின் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவு என்று எஞ்சினின் கணிப்பொறிக்குத் தவறாகக் காட்டுகிறது. அதை நம்பிக் கணிப்பொறி அழுத்தத்தை உயர்த்த, கூடுதல் டீசல் பாய்கிறது. காற்றோ கூடுவதில்லை. நீண்ட ஏற்றத்தில் இதனால் புகைவாயுவின் வெப்பம் கடுமையாக உயர்ந்து, பிஸ்டன் உருகவும் கூடும். டிரெய்லரைப் பிக்கப்பில் பூட்டி இழுப்பது பெருவழக்காக உள்ள அமெரிக்காவில், வலுவைக் கூட்ட முனைவோர் முதலில் புகைவாயு வெப்பமானியைப் பொருத்துவர்; 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவர். அங்கே 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினுக்கு, 1991இல் இன்டர்கூலரும் சேர்க்கப்பட்டது. நம் சங்க வண்டியில் வெப்பமானியும் இல்லை. எஞ்சின் பழுதானால் நஷ்டத்தை ஏற்கப் பங்குதாரர்களைத் தவிர வேறு எவரும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகை வடிகட்டியை நீக்குவதோ சட்டத்துக்கு மாறானது.

ஆகவே, புதிய வலுவைத் தேடுமுன் இழந்த வலுவை மீட்பதே முறை. ஏர் பில்டர், ரப்பர் குழாய்கள், டீசல் பில்டரில் தங்கிய நீர், டயர்க் காற்று, பிடித்தபடியே உராயும் பிரேக் ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் குறை புலப்படும். டர்போக் குழாயின் மூட்டில் எண்ணெய்க் கசிவு படிந்திருப்பின் அவ்விடத்தை நன்கு ஆராய வேண்டும்.

ஓட்டும் முறையும் முக்கியமானது. வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. உயரமாக அடுக்கிய பாரமும் படபடக்கும் தார்ப்பாயும் அதை மேலும் பெருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் முக்கி முனகுமுன் கியரைக் குறைக்க வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சிக்கனம் என்று டிரைவர்கள் பலர் இன்றும் நம்புகின்றனர். தற்கால எஞ்சின்களில் கியரில் இருக்கும்போதே, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் டீசல் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது டீசல் செலவாகும். திம்பம் போன்ற இறக்கத்தில் அது உயிருக்கும் ஆபத்து.

இனிக் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் சங்கத்துக்குப் போதாது. ஒன்றரை டன் ஏற்றி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 15 டன்-கிலோமீட்டர். முக்கால் டன் ஏற்றி 12 கிலோமீட்டர் ஓடினால் 9 மட்டுமே. மைலேஜ் கூடிய இரண்டாவது பயணமே நமக்கு நஷ்டமானது. அதற்காக, பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் ஏற்றலாகாது.

ஒவ்வொரு முறையும் டாங்கியை ஒரே அளவுக்கு நிரப்பி, தேதி, மீட்டர் எண், லிட்டர், ஏற்றிய எடை, சென்ற ஊர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் போதும். வலு குறைவதைச் சில வாரங்களில் அதுவே காட்டிவிடும். அடுத்த தணிக்கையின்போது, டீசல் ரசீதுகளுடன் இக்குறிப்பேட்டையும் காரியதரிசிகளிடம் கேட்க இருக்கிறேன்.