பேழையும் உறுப்புகளும்

செய்யுளின் உறுப்புகளைப் பிணித்து நிறுத்துவதை யாப்பு என்றனர் நம் முன்னோர். யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். எழுத்தும் அசையும் சீரும் தத்தம் இடத்தில் அமைந்தாலன்றிச் செய்யுள் நில்லாது. மாணவர்கள் ஆர்வத்துடன் செய்யும் மின்னணுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்த்துறை மலரில் இப்பொருளை நாம் எடுத்துரைக்கக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாமறிந்த இளைஞர் சிலர் தொழுகை நேரங்களைக் காட்டும் மின்னணுக் கடிகாரம் ஒன்றை உருவாக்கினர். மேசைமீது பரப்பி வைத்தபோது அது பழுதின்றி இயங்கிற்று. பின்னர்க் கடையில் கிடைத்த இரும்புத் தகரப் பெட்டியொன்றினுள் யாவற்றையும் அடைத்தனர். மூடி பொருந்தவில்லை; அழுத்தித் திருகாணிகளை முடுக்கினர். விளிம்பில் சிக்கிய மின்கம்பியின் உறை கிழிந்தது. மறுநாள் தூசு துடைக்கப் பெட்டியைத் தொட்ட முதியவர் மின்சாரம் தாக்கித் தூக்கி எறியப்பட்டார். இறையருளால் உயிர் பிழைத்தார். மின்சுற்றில் பிழையில்லை, பெட்டியை இறுதியில் நினைத்ததே பிழை.

ஆகவே, பேழையை முதலில் எண்ணுதல் வேண்டும். உறுப்புகள் அனைத்தையும் அளந்து, அவ்வளவிலேயே அட்டைத் துண்டுகள் வெட்டி, பெட்டியின் உட்பரப்பை வரைந்த தாளின்மீது நகர்த்திப் பார்த்தல் நன்று. நீள அகலங்களைக் கருதுவோர் உயரத்தை மறந்துவிடுவர். மின்சுற்றுப் பலகையைத் தாங்கும் சிறு கால்கள், பின்புறம் செருகும் இணைப்பியின் நீட்சி, கம்பி வளைவதற்கான இடம் ஆகியனவும் கணக்கில் சேரும்.

அடுத்து, உறுப்புகளின் இயல்பறிந்து இடமளித்தல் வேண்டும். மின்மாற்றி கனமானது, காந்தப்புலம் உடையது. எனவே அது மின்சாரம் நுழையும் மூலையில், அடித்தளத்தில், மென்மையான சைகைக் கம்பிகளுக்கு அப்பால் அமைதல் தகும். 15 வோல்ட்டைப் பெற்று 12 வோல்ட்டாகத் தரும் சாதாரண ரெகுலேட்டர், 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் 3 வாட் வெப்பத்தை உமிழும். அதன் அருகில் மின்பகு மின்தேக்கியை வைத்தலாகாது. வெப்பம் 10 பாகை செல்சியசு உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. கீழே சில துளைகளும் மேலே சில துளைகளும் இருப்பின் குளிர்காற்று புகுந்து வெப்பக்காற்று வெளியேறும்.

உயிர் காக்கும் விதிகளும் உள. 230 வோல்ட் கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் பொருத்துதல், அக்கம்பியை இழுபடாதவாறு இறுக்குதல், ஃபியூஸை மின்னழுத்தமுள்ள கம்பியில் அமைத்தல், உலோகப் பெட்டியுடன் எர்த் கம்பியைத் தனித் திருகாணியால் இணைத்தல் என்பன அவை. முறையான எர்த் இணைப்பு அன்று இருந்திருப்பின், ஃபியூஸ் எரிந்து மின்சாரம் தடைப்பட்டிருக்கும்.

பேழையை முன்னிறுத்தி வென்றோர் வரலாறும் உண்டு. 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீஜென்சி டிஆர்-1, விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் வானொலியாகும். சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். ஏறத்தாழ 5 அங்குல உயரமும் 3 அங்குல அகலமும் 1¼ அங்குலத் தடிமனும் கொண்ட பெட்டியில் நான்கு டிரான்சிஸ்டர்களே இருந்தன. பிற உறுப்புகளைச் சிறியனவாகச் செய்வித்தனர். பெட்டிக்கேற்ப உறுப்புகள் அமைந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மூடிய பெட்டியின் உள்ளமைப்பைப் பயன்படுத்துவோர் காணார். செய்தவரை நம்பியே கைவைக்கின்றனர். அந்நம்பிக்கை செய்தவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். யாரும் காணாத இடத்திலும் ஒழுங்கைப் பேணும் கைகளை நம் மாணவர்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக!