அரபு நாட்டில் குடியிருக்கும் குடும்பத்திற்கு எந்தப் பறவைக் கையேடு?

கணவரின் தொழில் நிமித்தம் ஜித்தா, தாயிப், தோஹா, மஸ்கட் போன்ற நகரங்களுக்குப் பிள்ளைகளுடன் சென்று வாழும் நமது சகோதரிகள் பலர். ஊரில் முற்றமும் வேலியும் அயலவரும் என்று பழகியவர்களுக்கு அடுக்குமாடி வீட்டு வாழ்க்கை இலேசானதல்ல. தகப்பன் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே துணை. இந்நிலையில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து ஈடுபடக்கூடிய பயனுள்ள பொழுதுபோக்கு ஒன்று, பறவைகளைக் கவனிப்பது. ஜன்னலோரமே இதற்குப் போதும். தேவைப்படுவது ஒரு நல்ல கையேடு மாத்திரமே.

பறவைகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு அல்குர்ஆன் நம்மைத் தூண்டுகின்றது. சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டு வந்த ஹுத்ஹுத் பற்றி அந்நம்லு அத்தியாயம் கூறுகிறது. நாம் கொண்டலாத்தி என்று அழைக்கும் பறவைதான் அது. நமது நாட்டின் வரண்ட பிரதேசங்களிலும் அரபு நாடுகளிலும் அதைக் காணலாம்.

ஆனால் எல்லாப் பறவைகளும் அப்படி இரு இடத்துக்கும் பொதுவானவையல்ல. அரபு நாட்டுத் துறைமுக நகரங்களில் கரையும் காகம் கொழும்பில் நாம் காணும் அதே இனமே. கப்பல்களில் தொற்றிக்கொண்டு போய் அங்கே பெருகிவிட்டது. அதை நம்பி, மற்றவையும் நம்மூர்ப் பறவைகளே என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுத் தோட்டத்துக் கொண்டைக்குருவிக்கு வாலடி சிவப்பு. தாயிப் பகுதியில் காணப்படும் அதன் உறவினத்திற்கு வாலடி மஞ்சள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். 1999 இல் ஜோன் ஹரிசன் எழுதி டிம் வொர்ஃபோக் படம் வரைந்த இலங்கைப் பறவைக் கையேடு மிகச் சிறந்த நூல்தான். எனினும் இந்தப் பறவை அதில் இராது. பிள்ளை பக்கம் பக்கமாகத் தேடிக் களைத்து, கடைசியில் தவறான பெயரைச் சொல்லும். அல்லது புத்தகத்தையே மூடி வைத்துவிடும்.

ஐரோப்பியக் கையேடுகளிலும் இதே சிக்கல் உண்டு. கொலின்ஸ் பறவைக் கையேடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அரபுத் தீபகற்பம் அதன் எல்லைக்குள் அடங்கவில்லை. அரேபிய மரங்கொத்தி போன்று தென்மேற்கு மலைகளுக்கே உரிய பறவைகளை அதில் தேடிப் பயனில்லை. உலகப் பறவைகள் அனைத்தும் என்ற பெயரில் வரும் பெரிய படப் புத்தகங்களோ பார்க்க அழகானவை. தெரிவு செய்து காட்டுபவை. இனம் காண உதவா.

ஆகவே புத்தகத்தைக் கையிலெடுத்ததும் முதலில் அதன் எல்லை வரைபடத்தைப் பாருங்கள். ரிச்சர்ட் போர்ட்டரும் மற்றவர்களும் ஆக்கிய மத்திய கிழக்குப் பறவைகள் என்ற கையேடு 1996 இல் வெளிவந்து 2010 இல் திருத்தப்பட்டது. அரபுத் தீபகற்பம் முழுவதும் அதில் அடங்கும். அரபு மொழியிலும் அது வெளிவந்துள்ளது. அரபு கற்கும் பிள்ளைக்கு இரட்டிப்புப் பயன். ஒரே நாட்டில் தங்குவோருக்கு ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான் ஆகியவற்றுக்குத் தனித்தனி நூல்களும் உள்ளன. அவை பாரம் குறைந்தவை, தேடுவதும் இலகு.

இரண்டாவதாக, பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். ஆய்வு வளர வளர இனப் பிரிவுகள் மாறுகின்றன. சவூதியின் அஸீர் மலைகளில் மட்டும் சிறு தொகையில் வாழும் மெக்பை பறவையைப் பழைய நூல்கள் ஐரோப்பிய மெக்பையின் ஒரு கிளையாகவே காட்டின. இன்று அது தனி இனமாகக் கொள்ளப்படுகின்றது.

மூன்றாவதாக, படங்களைப் பாருங்கள். புகைப்படம் ஒரு கணத்தில் ஒரு பறவை நின்ற கோலத்தையே காட்டும். நல்ல ஓவியமோ ஆண், பெண், குஞ்சு, பறக்கும் தோற்றம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்டும். விளக்கமும் பரம்பல் வரைபடமும் படத்துக்கு எதிர்ப் பக்கத்திலேயே இருந்தால் சிறு பிள்ளையும் தடுமாறாது. எப்பருவத்தில் வரும் பறவை என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில், ஐரோப்பா, ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகள் வருடத்தில் இரு முறை அரபு மண்ணைக் கடந்து செல்கின்றன.

விஞ்ஞானப் பெயர் தரப்பட்டுள்ளதா என்றும் கவனியுங்கள். ஹுத்ஹுத், கொண்டலாத்தி, ஹூப்போ என மொழிக்கு மொழி பெயர் மாறும். உபூபா எபொப்ஸ் என்பது எந்த நூலிலும் ஒன்றே.

கைத்தொலைபேசிச் செயலிகளும் இன்று பறவையை இனம் காட்டுகின்றன. ஆனால் அது சொன்ன பெயர் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையேடு வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பைனாகுலரையோ கமராவையோ விமான நிலையம், துறைமுகம், இராணுவ முகாம் இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டாம். அண்டை வீட்டு ஜன்னல்களுக்கும் இது பொருந்தும். பிறர் வீட்டின் அந்தரங்கம் பேணுவது நமது மார்க்கக் கடமை.

பார்த்த திகதியையும் இடத்தையும் பிள்ளைகள் புத்தக ஓரத்திலேயே பென்சிலால் குறித்து வரட்டும். நிரந்தரமாக ஊர் திரும்பும் நாளில், அங்கே புதிதாக வந்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அந்தக் கையேட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.