சர்க்யூட் போர்டு செய்யும் முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள்!

பாட்டு கேட்கவும் லெட்டர் அடிக்கவும் வாங்கிய கம்ப்யூட்டர், சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்களுக்கு நல்ல பரிசோதனைக் கூடமாகவும் பயன்படும். நான் கடலூரில் ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன பவர் சப்ளை போர்டுகள் செய்கிறேன். சிதம்பரத்தில் படிக்கும் என் அக்கா மகன், கல்லூரி புராஜெக்டுக்கு 5 வோல்ட் பவர் சப்ளை போர்டு செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இதில் இரண்டு வேலைகள் உள்ளன. வரைந்த சர்க்யூட் சரியாக வேலை செய்யுமா என்று பார்ப்பது சிமுலேஷன். பாகங்களை அடுக்கி, செம்புக் கோடுகள் போடுவது போர்டு டிசைன். சிமுலேஷனுக்கு அடிப்படை 'ஸ்பைஸ்' என்ற புரோகிராம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்றைய சாப்ட்வேர்கள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதன் வாரிசுகளே.

இலவசமாகக் கிடைப்பவை மூன்றைப் பார்ப்போம்.

எல்டிஸ்பைஸ்: சிமுலேஷனில் கெட்டிக்காரர். ஆனால் போர்டு டிசைன் கிடையாது. போர்டுக்கு வேறு சாப்ட்வேரில் மீண்டும் வரைய நேரிடும். அப்போது ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் போர்டு வீண்.

கீகேட்: 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து 'என்ஜிஸ்பைஸ்' உள்ளேயே இருக்கிறது. ஒரே படத்தை ஓட்டிப் பார்த்து, போர்டுக்கும் அனுப்பலாம்.

இ-சிம்: செல்போன் இ-சிம் அல்ல! மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டத்தினர் கீகேட், என்ஜிஸ்பைஸ் இரண்டையும் இணைத்து மாணவர்களுக்காகத் தந்தது. விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் ஓடும்.

போர்டு வரை போக வேண்டும் என்பதால் கீகேட் போடச் சொன்னேன்.

இப்போது சோதனை. 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7805 ஐ.சி., அரை ஆம்பியர் லோடு. 5 வோல்ட் சீராக வர 7805-க்குக் குறைந்தது 7 வோல்ட் உள்ளே போக வேண்டும். டிரான்ஸ்பார்மருக்குப் பதில் சைன் சோர்ஸ், 7805-க்குப் பதில் 0.5 ஆம்பியர் கரண்ட் சோர்ஸ் வையுங்கள். கிரவுண்ட் குறியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஓடாது. இப்போதைய பதிப்புகளில் இன்ஸ்பெக்ட் மெனுவில் சிமுலேட்டர் இருக்கும்.

ஸ்பைஸில் தர வேண்டியது பீக் அளவு. 9 வோல்ட்டுக்கு 12.7 என்று கொடுங்கள். கெப்பாசிட்டரில் அலையின் அடிமட்டம் 7-க்கு மேலேயே நிற்கும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் பையன் தங்கியிருக்கும் தெருவில் மாலையில் மல்டிமீட்டர் 170 வோல்ட்தான் காட்டுகிறது! அந்தக் கணக்கில் 9.4 கொடுத்து ஓட்டினால் அடிமட்டம் 7-க்குக் கீழே இறங்குகிறது. பகலில் ஓடும் புராஜெக்ட் மாலையில் நின்றுவிடும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்று மாற்றி ஓட்டினால் 170-லும் தாங்குகிறது. செலவு செய்யாமலே விடை கிடைத்துவிட்டது.

ஒன்றை கவனியுங்கள். சூட்டைப் பற்றி சிமுலேஷன் தானாக எச்சரிக்காது. 12 வோல்ட் போட்டால், கரண்ட் முழு அளவில் வரும்போது 7805-இல் கிட்டத்தட்ட 5 வாட் வெப்பமாகும். ஹீட் சிங்க் கட்டாயம் வேண்டும்; போர்டில் அதற்கு இடம் விடுங்கள்.

சோதனை முடிந்ததும் சோர்ஸ்களை எடுத்துவிட்டு கனெக்டரையும் 7805-ஐயும் வைத்து, எஃப்8 கீயை அழுத்தினால் படம் போர்டுக்குப் போகும். கோடுகள் போட்டு முடித்ததும் அதே அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். கடையில் வாங்கிய பாகங்களின் கால்களை அதன்மேல் வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகே பெரிக் குளோரைடு பாட்டிலைத் திறங்கள்.